ஊராட்சித் தலைவரான பெண்ணுக்கு: முதல் நூறு நாள் வழிகாட்டி

‘தலைவரம்மா’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு பொருள் உண்டு. தேர்தலில் வென்று தலைவரான பெண்ணும் தலைவரம்மாதான், தலைவருடைய மனைவியும் தலைவரம்மாதான். வென்ற பெண் சில மாதங்களிலேயே முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நழுவிவிடுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. வாக்குச்சீட்டில் இருந்தது அவர் பெயர். ஆனால் ‘தலைவர் வர்றாரு’ என்று ஊர் எழுந்து நிற்பது அவருடைய கணவருக்கோ, அண்ணனுக்கோ, தேர்தல் செலவைப் பார்த்துக்கொண்டவருக்கோ.

இந்த நழுவல் ஒரே நாளில் நடப்பதில்லை. கைபேசி எண், கையெழுத்து, தீர்மானப் புத்தகம், நாற்காலி ஆகிய நான்கும் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. முதல் நூறு நாளில் இவற்றைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு மீதி ஐந்தாண்டு எளிதாகிறது. விட்டவர்கள் பிறகு மீட்பது மிகவும் கடினம். கிராம ஊராட்சித் தலைவராக முதன்முறை பொறுப்பேற்கும் பெண்ணுக்காக அந்த நான்கையும் காக்கும் வழிகளை இங்கே சொல்கிறோம்.

இந்த நாற்காலி எப்படி வந்தது

ஊராட்சிகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்குக் கிடைத்தன. 2016இல் அது பாதியாக உயர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் ரத்தாகி, 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் நடந்தது. மற்ற ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. பாதி இடம் என்று சட்டம் சொன்ன பிறகும் மூன்றாண்டுக்கு மேல் அந்த இடங்களில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் இருந்தார்கள். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு ஆண்டும் பெண்கள் இழக்கும் ஆண்டு என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியபோதும், அது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகுதான் என்று எழுதப்பட்டது. ஆக, பெண்களுக்கு உறுதியான இடம் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது உள்ளாட்சியில்தான்.

ஒரு முக்கியமான விஷயம். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்குப் படிப்புத் தகுதி கிடையாது. ராஜஸ்தான் 2014இலும் ஹரியானா 2015இலும் அப்படி ஒரு தகுதியைக் கொண்டுவந்து, ஏராளமான பெண்களைப் போட்டியிலிருந்தே விலக்கின. ராஜஸ்தான் 2019இல் அதை நீக்கியது. எட்டாவது படித்தவரும், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவரும் இங்கே முழுத் தலைவர்தான். ‘உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா’ என்று யாராவது சொன்னால், புரிய வைப்பது ஊராட்சிச் செயலரின் வேலை.

முதல் வாரம்: எண்ணும் சாவியும்

பொறுப்பேற்ற மறுநாள் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். உங்கள் ஊராட்சியின் பெயருக்கு நேரே எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் வேட்புமனுவில் கணவர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அதுவே எல்லாப் பட்டியலிலும் ஏறியிருக்கும். கூட்ட அழைப்பு, ஆட்சியர் அலுவலகத் தகவல், ஒன்றியத் தலைவர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். உங்கள் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கி, அந்த எண்ணை எழுத்து மூலம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்கும் இதே கடிதம் ஒன்று வேண்டும். பணம் எடுக்கப்பட்ட குறுஞ்செய்தியும் ஓடிபியும் உங்கள் கைக்கு வராத வரை கணக்கு உங்கள் கையில் இல்லை.

அடுத்தது கையெழுத்து. ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். காசோலைக்கு மட்டுமல்லாமல் இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கும் இருவர் ஒப்புதல் வேண்டும். அதற்காக ஆளுக்கொரு மின் கையொப்பச் சாவி தரப்படும். பார்க்கப் பென் டிரைவ் போல இருக்கும். அதைக் கணினியில் செருகி இரகசிய எண்ணை அடித்தால் உங்கள் கையெழுத்து விழுந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. ‘வசதிக்காக’ அந்தச் சாவியும் எண்ணும் செயலரின் மேசை இழுப்பறையிலோ, வீட்டில் ஒருவரின் பாக்கெட்டிலோ போய்ச் சேர்கின்றன. பிறகு எந்தப் பட்டியலுக்கு (பில்லுக்கு) எவ்வளவு போனது என்று தலைவருக்கே தெரியாது. தணிக்கையில் பிடிபட்டால் பொறுப்பு சாவிக்கு உரியவர் மேல்தான் விழும், ‘நான் செருகவில்லை’ என்பது எடுபடாது. ஆகவே சாவியை உங்கள் பீரோவில் பூட்டுங்கள். இரகசிய எண்ணை எங்கும் எழுதி ஒட்டாதீர்கள். பணம் அனுப்ப வாரத்தில் ஒரு நாளை, ஒரு நேரத்தை முடிவு செய்து, அன்று ஊராட்சி அலுவலகத்தில் நீங்களே உட்கார்ந்து செருகுங்கள்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அவசரம், வங்கி மூடிவிடும், வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) கேட்கிறார் என்று எதைச் சொன்னாலும் வேண்டாம். தொகை எழுத்தாலும் எண்ணாலும் எழுதப்பட்டு, யாருக்கு என்பதும் எழுதப்பட்டு, குறுக்குக் கோடும் போட்ட பிறகே கையெழுத்து. படிக்கச் சிரமமாக இருந்தால் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை, மகளோ மகளிர் குழுக் கணக்காளரோ, பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால்? இது பரவலாக நடப்பதுதான். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி கைக்கு எட்டாதவர்கள் துணைத்தலைவர் இடத்தைப் பிடித்து அதன்வழி பணத்தை நிறுத்தி வைப்பது பழகிப்போன உத்தி. வாய்ச்சண்டை வேண்டாம். எந்தப் பட்டியல், எவ்வளவு, எந்தத் தீர்மானத்தின்படி என்று எழுதி, ஏழு நாளுக்குள் கையெழுத்திடவோ காரணத்தை எழுத்தில் தரவோ கேளுங்கள். ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். தூய்மைப் பணியாளர் சம்பளம் நிற்கிறது, மோட்டார் பழுது பார்க்க முடியவில்லை என்று பாதிப்பைத் தேதியோடு எழுதினால் மனு வேகமாக நகரும்.

பழைய கணக்கை எண்ணி வாங்குங்கள்

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள். பதவியேற்பதற்கு முந்தைய நாள் வரையிலான வங்கி அறிக்கை ஒவ்வொரு கணக்குக்கும் வேண்டும். கூடவே பயன்படுத்தாத காசோலைத் தாள்களின் எண்கள், ரொக்கப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு, வரி கேட்புப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, மின்கட்டண நிலுவை, முடியாத வேலைகளின் பட்டியல் எல்லாம் வேண்டும். இருப்புப் பதிவேட்டில் 60 எல்இடி விளக்கு என்றிருந்தால் அறைக்குப் போய் எண்ணுங்கள். 22தான் இருந்தால் ‘22 மட்டுமே உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதாமல் விட்டால் மீதி 38க்கு நாளை நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாற்காலி

ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலி ஒன்றுதான். அதில் நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பதை முதல் நாளே செயலரிடம் சொல்லிவிடுங்கள். பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் கணவர் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். துண்டறிக்கை, கல்வெட்டு, நன்றி சுவரொட்டி எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

கணவர் உதவுவதில் தவறில்லை. வண்டி ஓட்டலாம், வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளலாம், இரவில் கணக்கைச் சரிபார்க்கத் துணை நிற்கலாம். அலுவலரோடு உங்கள் சார்பில் பேசுவதும், ஒப்பந்ததாரருக்கு வாக்குக் கொடுப்பதும், கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருவதும் உதவி ஆகாது. இந்தக் கோட்டை வீட்டுக்குள் முதல் வாரமே பேசிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துப் பேசினால் அவருக்கு அது அவமானமாகப் படும், சண்டையாக மாறும். நேர்மையான கணவர்களில் பலர் இந்தக் கோடு எங்கே என்று தெரியாமல்தான் தாண்டுகிறார்கள். தலைவருக்குப் பதிலாக உறவினர் நிர்வாகம் செய்வதைத் தடுக்க, ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023இல் அமைத்த குழு கடுமையான தண்டனைகளைப் பரிந்துரைத்திருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

பட்டியலின, பழங்குடிப் பெண் தலைவருக்கு நாற்காலி என்பது உண்மையிலேயே நாற்காலிதான். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியாகி வழக்கானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து அதிகாரிகள் முன்னிலையில் ஏற்றினார். இதை வெறும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்), ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதையும் தடுப்பதையும் தனிக் குற்றமாகவே சொல்கிறது. புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். தேசிய உதவி எண் 14566. ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் பத்து நாள் முன்பே, கொடியேற்ற ஏற்பாடும் பாதுகாப்பும் கேட்டு ஆட்சியருக்கும் காவல் ஆய்வாளருக்கும் கடிதம் கொடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

கிராம சபை: உங்கள் மேடை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைமை வகிப்பவர் தலைவர். கணவர் அந்த ஊர் வாக்காளராக இருந்தால் மக்களோடு கீழே உட்காரலாம். மேடையில் இடமில்லை.

குறைவெண் வரம்பை, அதாவது சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, தெரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இது குறைந்தால் தீர்மானத்தை யாரும் எளிதாக எதிர்க்கலாம். வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் குறுக்குவழியைச் செயலர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வழக்கம் உள்ள ஊரில்தான் உங்களுக்குத் தெரியாத தீர்மானங்களும் பிறக்கும்.

பெண்கள் கிராம சபைக்கு வந்தாலும் பேசுவது குறைவு. அதற்கு ஒரு வழி: சபைக்கு நான்கைந்து நாள் முன்பு, மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்போடு மாலையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு கோரிக்கை, அதை யார் எழுந்து சொல்வார் என்பதையும் முடிவு செய்யுங்கள். சபையில் அவர் பெயரைச் சொல்லி நீங்களே அழையுங்கள். முன்மொழிந்தவர் இடத்திலும் வழிமொழிந்தவர் இடத்திலும் பெண்கள் பெயர் எழுதப்படட்டும்.

தீர்மானப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். கூட்டம் முடியும் முன், அங்கேயே, எல்லாத் தீர்மானங்களையும் எண்ணோடு சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, அதையொட்டி உங்கள் கையெழுத்து. இடையில் வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு கிழியுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ‘நாளைக்கு நல்ல கையெழுத்தில் எழுதிடறேன்மா, இப்ப கையெழுத்து மட்டும் போடுங்க’ என்ற வேண்டுகோள் எவ்வளவு பணிவாக வந்தாலும் சம்மதிக்காதீர்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான பெயர்பெற்ற ஆய்வு ஒன்று, இட ஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்த ஊராட்சிகளில் குடிநீருக்கான முதலீடு கூடியதைக் காட்டியது. பெண்கள் எதைக் கேட்கிறார்களோ அது வேலைப் பட்டியலில் மேலே ஏறியது என்பதே அதன் சாரம். எங்கள் பரிந்துரையும் இதுதான். முதல் நூறு நாளில் ஒரே ஒரு வேலையை ஊர் பார்க்கும்படி முடிப்பதென்றால், அது தண்ணீராக இருக்கட்டும்.

மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு நிரப்புக்கு 120 கிராம். நாளுக்கு இரண்டு முறை நிரம்பினால் 240 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 7.2 கிலோ. இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே, 50 கிலோவுக்குப் பட்டியல் வரும்போது ‘மீதி 43 கிலோ எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேட்க முடியும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் (குளோரின் அளவு காட்டும் சிறு கருவி) வைத்துப் பார்த்தால் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரினாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அல்லது வழியில் எங்கோ குழாய் உடைந்திருக்கும்.

சாலை வேலைக்கும் இதே முறைதான். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். கனம் 10 செ.மீ. ஆனால் 30தான். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். போட்டு முடித்த பிறகு கனத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. பக்கப் பலகை அடித்ததும், கலவை கொட்டும் முன், டேப்போடு போய் நான்கு இடத்தில் அளந்து படமெடுங்கள். பெண் தலைவர் வேலை நடக்கும் இடத்தில் டேப்போடு நிற்கிறார் என்ற செய்தி ஒப்பந்ததாரர்களிடையே ஒரே நாளில் பரவிவிடும். அதன் பலன் அடுத்த ஐந்து வேலைகளில் தெரியும்.

உங்களிடம் வேலை செய்யும் பெண்கள்

தூய்மைக் காவலர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் எந்தத் தேதியில் ஏறுகிறது, கையுறையும் காலணியும் உண்மையில் கைக்கு வந்ததா என்பதை அவர்களிடமே கேளுங்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லை நடந்தால், பத்துப் பேருக்குக் குறைவான பணியிடங்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி புகாரை விசாரிக்க மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தத் தகவல் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பதவியைப் பறிக்க வந்தால்

சுதந்திரமாக நடக்கும் பெண் தலைவர் மீது புகார் மனுக்கள் குவியும், அதை எதிர்பார்த்தே இருங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 205இன் கீழ் தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு. அதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் வட்டாட்சியர் மன்றக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர் கருத்தைப் பதிவு செய்வார். அதன் பிறகே முடிவு. பிரிவு 203 வேறு, அது அவசரநிலை அதிகாரம். பணப் பரிவர்த்தனையை உங்களிடமிருந்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மாற்ற அதைப் பயன்படுத்துவார்கள்.

நோட்டீஸ் வந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாயம் பதில் போக வேண்டும். ஆவணங்கள் கைக்கு வரவில்லையென்றால் அதையே எழுதி, நகல் கேட்டு, கூடுதல் நாள் கேளுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே பதில், பக்கத்தில் தீர்மான எண், பட்டியல் எண், படம். நீங்கள் கைபேசியில் சேர்த்து வைத்த பக்கங்கள் உதவப்போவது இப்போதுதான். சட்ட உதவிக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், எண் 15100.

உச்ச நீதிமன்றம் 2024இல் இரண்டு முறை இந்த விஷயத்தில் பெண் தலைவர்கள் பக்கம் நின்றது. செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் அற்பக் காரணத்துக்காக நீக்கப்பட்ட பெண் தலைவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. நவம்பரில் சத்தீஸ்கரின் ஜஷ்பூர் மாவட்டப் பெண் தலைவரை அலைக்கழித்ததற்காக மாநில அரசு ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. வழக்கறிஞரிடம் இந்த இரண்டு தீர்ப்புகளையும் நினைவூட்டுங்கள்.

நூறாவது நாள்

ஒரு நோட்டை எடுத்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கடைசியாக ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு எந்த எண்ணுக்கு வந்தது? மின் கையொப்பச் சாவி இப்போது எங்கே இருக்கிறது? தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தின் படம் கைபேசியில் இருக்கிறதா? சென்ற கிராம சபையில் எத்தனை பெண்கள் எழுந்து பேசினார்கள்? ஏதாவது ஒன்றுக்குப் பதில் சரியாக வராவிட்டால் அடுத்த வார வேலை அதிலிருந்து தொடங்கட்டும். பயிற்சிக்கு மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் நீங்களே போங்கள். பக்கத்து ஊராட்சிப் பெண் தலைவர்களின் எண்களை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். துணைத்தலைவர் கையெழுத்துப் போடாத நாளில் முதலில் அழைக்க வேண்டியது அவர்களைத்தான்.